இருபது ஆண்டுக்கென எழுந்த கோபுரம்

தமிழில் கோபுரம் என்னும் சொல் வாயிலோடு தொடர்புடையது. கோயிலின் மதில் வாயில்மீது எழுவது கோபுரம். கருவறையின்மீது எழுவது விமானம். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தும் ஆசிரியர்கள், பாரிஸ் மாநகரின் இரும்புக் கட்டடத்தை 'ஈபெல் கோபுரம்' என்று தமிழர் வழங்கும்போது அச்சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதையும் எடுத்துக்காட்டலாம். ஏனெனில் அக்கட்டடமும் ஒரு வாயிலாகவே எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1889-ஆம் ஆண்டில் பாரிசில் ஓர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. செய்ன் ஆற்றங்கரையில் அக்கண்காட்சிக்கு நுழைவாயிலாக அமைந்ததே இக்கோபுரம். அதன் நான்கு கால்களுக்கு இடையேயுள்ள வளைவுகளின்கீழ் மக்கள் கூட்டங்கூட்டமாக நுழைந்தனர்.

கண்காட்சி ஏறத்தாழ ஆறு திங்களில் முடிவுற்றது. காட்சி முடிந்தபின் வாயிலுக்கு வேலை யாது? கோபுரத்தை எழுப்பிய பொறியியலறிஞர் குஸ்தாவ் ஈபெலுக்கு அளிக்கப்பட்ட உரிமை 20 ஆண்டுக்கு மட்டுமே. 1909-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுரிமை தீர்ந்து, கோபுரம் நகராட்சியின் கைக்குச் செல்லும். வேண்டாமெனில் நகராட்சி அதனைப் பிரித்துவிடலாம். எனினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கோபுரம் நிற்கிறது. ஆண்டுதோறும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து ஏறிப் பார்க்கின்றனர். சாகும் நாள் குறிக்கப்பட்ட கோபுரம் எவ்வாறு பிழைத்தது? அவ்வினாவுக்கு விடை அக்கோபுரத்திலேயே இருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை தளந்தளமாக ஏறுகிறவர் அவ்விடையைப் படிப்படியாகக் கண்டுகொள்ளலாம்.

அடியில் காண்பவை

கோபுரத்தின் அடிப்பகுதி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 125 மீட்டர் நீளமுள்ள சதுரம். நான்கு கால்களும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனத் திசைப்பெயர்களாலேயே வழங்கப்படுகின்றன. ஆற்றை ஒட்டிய இரு கால்களுக்கு அடித்தளம் இடுவது எளிதாக இருக்கவில்லை. நீர் ஊறும் மண்ணில், அழுத்தப்பட்ட காற்றை நிரப்பிய இரும்புப் பெட்டிகளை இறக்கி, அவற்றினுள் ஆட்கள் இருந்து மண்ணைத் தோண்டினர். 1887 ஜனவரியில் தொடங்கிய வேலை 1889 மார்ச்சு 31-ஆம் நாள் நிறைவுற்றது. இரண்டாண்டும் இரண்டு திங்களும் சில நாள்களுமே அதற்குச் சென்ற காலம்.

இத்துணை விரைவுக்குக் காரணம், கட்டுவதற்கு முன்பே கணக்கெல்லாம் முடிந்திருந்ததே ஆகும். கோபுரத்தின் 18,038 இரும்புத் துண்டுகளும் பாரிசை அடுத்த லெவல்வா-பெரே என்னுமிடத்துத் தொழிற்சாலையில் அளந்து, வெட்டி, துளையிட்டுக் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பிணைத்தவை 25 இலட்சம் தறையாணிகள். தறையாணி என்பது பழுக்கக் காய்ச்சித் துளையில் செருகி, மறுபுறம் அடித்துத் தட்டையாக்கப்படும் ஆணி. ஆறும்போது அது சுருங்கி இரு தகடுகளையும் இறுகப் பற்றிக்கொள்ளும். துளைகள் மயிரிழையளவு பிசகினும் ஆணி நுழையாது. ஆதலின் வரைபடங்களிலேயே ஒவ்வொரு துளையின் இடமும் நுட்பமாகக் குறிக்கப்பட்டிருந்தது.

கட்டடத்துக்கு ஆன தேனிரும்பு ஏறத்தாழ 7,300 டன். கேட்பதற்கு இது பேரளவாகத் தோன்றும். ஆனால் அவ்விரும்பு முழுவதையும் உருக்கி, கோபுரம் நிற்கும் சதுரத்தில் பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டரே இருக்கும். மாணவர்களும் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு விரல் நீளங்கூட இல்லாத இரும்புத் தளத்தை 300 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிக் காட்டியதே பொறியியலின் திறம். இரும்பைக் குவித்து எழுப்பிய கோபுரமன்று அது. வேண்டாத இரும்பையெல்லாம் நீக்கி எழுப்பிய கோபுரம்.

அதன் வடிவமும் அழகுக்காக வரையப்பட்டதன்று. உயர்ந்த கட்டடத்துக்குப் பெரும்பகை காற்று. மேலே வீசும் காற்று கோபுரத்தைக் கவிழ்க்க முயலும்போது, அந்த நெம்பும் ஆற்றல் கீழே வரவரப் பெருகும். ஆகவே கீழே வரவர அகலமும் பெருகவேண்டும். அவ்வாறு பெருகிய அகலமே கால்களின் வளைந்த கோடாயிற்று. ஆழமான பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே இரயில் பாலங்களுக்கு உயர்ந்த இரும்புத் தூண்களை நிறுத்திப் பெற்ற அனுபவம் ஈபெலின் நிறுவனத்துக்கு உண்டு. அங்குப் பணியாற்றிய மொரிஸ் கெக்லின், எமில் நூகியே என்னும் இரு பொறியியலாளரே 1884-இல் இக்கோபுரத்தை முதலில் எண்ணினர். அதனை முதன்முதல் வரைந்தவர் கெக்லின். பின்னர்க் கட்டடக் கலைஞர் ஸ்டெபன் சோவெஸ்தர் அதற்கு ஒப்பனை செய்தார். கால்களை இணைக்கும் பெரிய வளைவுகள் அவருடைய ஒப்பனையே. கோபுரத்தின் பாரத்தை அவையே தாங்குகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பாரத்தைத் தாங்குவன கால்களே. வளைவுகள் அணி மட்டுமே.

இவ்வளவும் இருந்தும் அன்றைய கலைஞர்கள் கோபுரத்தை விரும்பவில்லை. 1887 பிப்ரவரி 14-ஆம் நாள் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் அவர்களது கண்டன அறிக்கை வெளிவந்தது. சிறுகதை மன்னர் மாப்பசான், இசையறிஞர் குனோ, பாரிஸ் இசைநாடக மன்றத்தைக் கட்டிய சார்ல் கார்னியே முதலியோர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். பழம்பெருமை வாய்ந்த நகரத்தின் எழிலை இவ்விரும்புப் பூதம் அழித்துவிடும் என்பது அவர்தம் அச்சம். காற்றை எதிர்த்து நிற்கும் கணக்கிலிருந்து பிறந்த கோட்டுக்கும் ஓர் அழகு உண்டு என்பது ஈபெலின் மறுமொழி. எவர் கூறியது சரி என்பதை வாதத்தால் முடிவு செய்ய இயலவில்லை. காலமே அதனை முடிவு செய்யவேண்டியிருந்தது. காலமோ 20 ஆண்டே.

முதல் தளம்: எழுதிய பெயர்களும் எழுதாத பெயரும்

முதல் தளம் தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாய்ந்து எழுந்த நான்கு கால்களும் இம்மட்டத்தில்தான் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. தனித்தனியே சாய்ந்து வளர்ந்த நான்கு இரும்புக் கட்டுகள் வானில் ஒரே மட்டத்தில் வந்து பொருந்தவேண்டும். அதற்கு ஈபெல் கையாண்ட வழி மிக எளியது. கால்களைத் தாங்கிய சாரங்களின்மேல் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்தார். மணலைச் சிறிது சிறிதாக வெளியேற்றினால் கால் மெல்லத் தாழும். அடியில் இருந்த நீரழுத்தப் பொறிகளைக் கொண்டு காலை உயர்த்தவும் கூடும். இவ்வாறு உயர்த்தியும் தாழ்த்தியும், 1887 டிசம்பரில் நான்கு கால்களையும் துளைக்குத் துளை பொருத்தினர்.

கீழிருந்து முதல் தளத்தை அண்ணாந்து நோக்கினால், நாற்புறமும் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பக்கத்துக்கு 18 ஆக மொத்தம் 72 பெயர்கள். லவாய்சியே, அம்பேர், கூலும், லாப்லாஸ், பூரியே, பூக்கோ என அவையனைத்தும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், கணித அறிஞர்கள், பொறியியலாளர்களின் பெயர்கள். எழுத்துகள் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம். மன்னர் பெயர் எதுவும் அங்கு இல்லை. தம் கோபுரம் அறிவின்மேல் நிற்பது என்பதை ஈபெல் இவ்வாறு உணர்த்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ணப்பூச்சு அப்பெயர்களை மூடி மறைத்தது. 1986, 1987-ஆம் ஆண்டுகளில் அவை மீண்டும் துலக்கப்பட்டன.

ஆயினும் அவ்வரிசையில் ஒரு குறை உண்டு. உலோகத் தகடு வளைவதும் அதிர்வதும் எவ்வாறு என்பதை ஆராய்ந்து, 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்றவர் சொபி ஜெர்மேன் என்னும் கணித அறிஞர். பொருள்களின் மீள்தன்மையை அறியாமல் இத்தகைய இரும்புக் கட்டடத்தை எழுப்ப இயலாது. அத்துறையில் உழைத்த ஆடவர் பெயர்கள் அங்குள்ளன. சொபி ஜெர்மேன் பெயர் இல்லை. 72 பேரும் ஆடவரே. 2025-ஆம் ஆண்டில், பெண் விஞ்ஞானிகளின் பெயர்களையும் கோபுரத்தில் இடம்பெறச் செய்யும் முயற்சி தொடங்கப்பட்டது. அறிவுக்கு எடுத்த நினைவுச் சின்னத்திலும் திருத்தம் வேண்டியிருக்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாம் தளம்: நகரும் காற்றும்

இரண்டாம் தளம் 116 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இதுவரை படியேறியும் வரலாம். மொத்தம் 674 படிகள். ஏற இயலாதோர்க்கு மின்தூக்கிகள் உண்டு. 1889-இல் இருந்த தூக்கிகள் நீரழுத்தத்தால் இயங்கின. நேராக ஏறும் தூக்கியை அமைப்பது எளிது. சாய்ந்த காலின் வழியே, சரிவு மாறிமாறிச் செல்லும் தடத்தில், உள்ளே நிற்பவர் சாயாமல் ஏற்றிச் செல்லும் தூக்கியை அமைப்பது அக்காலத்தில் அரிய செயல். 1899-இல் கிழக்கு, மேற்குக் கால்களில் பொருத்தப்பட்ட பொறிகள் புதுப்பிக்கப்பட்டு இன்றும் இயங்குகின்றன.

நகரைக் காண்பதற்கு மிக ஏற்ற இடம் இவ்விரண்டாம் தளமே என்பது பலர் துணிபு. உச்சியிலிருந்து நோக்கினால் வீடுகள் புள்ளிகளாகிவிடும். இங்கிருந்து நோக்கினால் கட்டடங்களின் உருவம் கெடாது. ஆற்றின் மறுகரையில் திரோக்கதெரோ மேடும், பின்புறம் ஷான் த மார்ஸ் திடலும், அதன் எல்லையில் பழைய படைக்கல்லூரியும் தெரியும். இன்வாலிதின் பொற்குவிமாடமும், பன்னிரண்டு சாலைகள் கூடும் வெற்றி வளைவும், மோன்மார்த்தர்க் குன்றின்மேல் வெண்ணிறத் தேவாலயமும் தோன்றும். 2019-ஆம் ஆண்டில் தீப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் பேராலயத்தையும் அடையாளம் காணலாம்.

இங்கு வருவோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இத்தளத்திலிருந்து தரைவரை கம்பி ஒன்றைக் கட்டி, அதன் வழியே பல வடிவான தகடுகளை விழச்செய்து, காற்று அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்று ஈபெல் அளந்தார். 1903-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அச்சோதனைகளால், வேகம் இரட்டித்தால் காற்றின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது உறுதிப்பட்டது. 1909-இல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றையும் அவர் அமைத்தார். விமானம் பறக்கத் தொடங்கிய அந்நாளில் இவ்வளவைகள் பெரும்பயன் அளித்தன. காற்றை வெல்ல எழுந்த கோபுரம் காற்றை ஆராயும் கூடமாயிற்று. ஈபெல் இவற்றைச் செய்தது அறிவுவேட்கையால் மட்டுமன்று. கோபுரத்துக்கு ஒரு பயன் காட்டினாலன்றி அஃது உயிர்பிழைக்காது என்பதையும் அவர் நன்கறிந்திருந்தார்.

உச்சி: கோபுரம் பிழைத்த இடம்

உச்சித் தளம் 276 மீட்டர் உயரம். காற்று மிகும் நாள்களில் அங்குச் செல்லவிடுவதில்லை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து எவ்வளவு தொலைவு தெரியும்? உலகம் உருண்டையாதலின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அக்கணக்கின்படி முதல் தளத்திலிருந்து ஏறத்தாழ 27, இரண்டாம் தளத்திலிருந்து 38, உச்சியிலிருந்து 59 கிலோமீட்டர் வரை பார்வை எட்டும். உயரம் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகியும் பார்வை இருமடங்கைச் சிறிதே கடக்கிறது. உயர உயர ஒவ்வொரு மீட்டரும் தரும் பயன் குறைந்துகொண்டே போகிறது என்பது இதனால் விளங்கும்.

உச்சியில் ஈபெல் தமக்கென ஓர் அறையை அமைத்துக்கொண்டார். கண்காட்சி நடந்த ஆண்டில் எடிசன் அங்கு வந்து அவரைக் கண்டார். வானிலை அளக்கும் கருவிகளும் தொடக்கத்திலேயே அங்கு வைக்கப்பட்டன. 1910-இல் தியோடர் வுல்ப் என்னும் பாதிரியார், இயற்பியல் கற்பித்தவர், தாமே செய்த மின்னளவைக் கருவியோடு கோபுரத்தில் ஏறினார். மண்ணிலிருந்து வருவதாகக் கருதப்பட்ட கதிர்வீச்சு, இவ்வளவு உயரத்தில் பெரிதும் தேய்ந்துவிடும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் அது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அப்புதிரை 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்குமேல் ஏறித் தீர்த்தார். கதிர்கள் வானிலிருந்தும் வருகின்றன என்று அவர் கண்டார். அதற்காக 1936-இல் நோபல் பரிசு பெற்றார். அண்டக் கதிர்களின் வரலாற்றில் ஒரு படி இக்கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது.

எனினும் கோபுரத்தைக் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தியே. 1898 நவம்பரில் யுஜேன் துக்ரெத்தே என்பவர் இங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாந்தியோன் மண்டபத்துக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். கம்பியில்லாத் தந்திக்கு வேண்டுவது உயர்ந்த கம்பம். உலகில் இதனினும் உயர்ந்த கம்பம் அன்று இல்லை. இதனை உணர்ந்த ஈபெல், படைத்துறை அதிகாரி குஸ்தாவ் பெரியே நடத்திய சோதனைகளுக்குத் தம் கோபுரத்தையும் பொருளையும் அளித்தார். செய்தி எட்டும் தொலைவு ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 20 ஆண்டுத் தவணை தீரும் வேளையில் கோபுரம் நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாகிவிட்டது. 1910 ஜனவரி முதல் அதன் உரிமை மேலும் 70 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

அவ்வாண்டே கோபுரத்திலிருந்து நேர அறிவிப்புகளும் ஒலிபரப்பாயின. இவற்றின் பயனைக் கடல்வாணிகத் துறைமுகங்களில் வாழ்வோர் எளிதில் உணரலாம். உலகம் ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. நடுக்கடலில் கப்பல் தன் தீர்க்கரேகையை அறிய, துல்லியமான கடிகாரம் வேண்டும். கடிகாரம் 4 விநாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டின் அருகே கப்பலின் இடம் ஏறக்குறைய ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர், பிழைபடும். இரவில் பாறையில் மோதுவதற்கு அப்பிழை போதும். கோபுரத்தின் நேர ஒலி எட்டிய கடல்களில், மாலுமிகள் தம் கடிகாரங்களை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டனர்.

முதல் உலகப்போர் மூண்ட 1914-இல் செருமானியர் தமக்குள் அனுப்பிய செய்திகளைக் கோபுரத்து நிலையம் கேட்டறிந்தது. மார்ன் போரில் அது பிரெஞ்சுப் படைக்கு உதவியது. பின்னர் 1920-களில் வானொலியும், 1930-களில் தொலைக்காட்சிச் சோதனையும் இங்கிருந்தே பரவின. 1889-இல் 312 மீட்டராக இருந்த உயரம், 2022 மார்ச்சில் புதிய வானலைக்கம்பம் பொருத்தப்பட்டபின் 330 மீட்டர் ஆகியிருக்கிறது. அடியில் நின்று காண்போர்க்கு அழகாகத் தோன்றும் அக்கூரிய முனை, கோபுரத்தின் உயிர்நாடியும் ஆகும்.

வழிவந்த கோபுரங்கள்

1930-இல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் எழும்வரை, மனிதன் எழுப்பியவற்றுள் இதுவே உயர்ந்து நின்றது. பின்னர் எழுந்த பல கோபுரங்கள் இதனிடம் பாடம் கற்றன. 1958-இல் முடிந்த 333 மீட்டர் உயரமுள்ள தோக்கியோ கோபுரமும், 1976-இல் திறக்கப்பட்ட 553 மீட்டர் உயரமுள்ள டொரண்டோ கோபுரமும், 1996-இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் உயரமுள்ள கோலாலம்பூர்க் கோபுரமும் தொடக்கத்திலேயே ஒலிபரப்புக்கும் தொலைத்தொடர்புக்கும் எனத் திட்டமிடப்பட்டவை. அவற்றில் பார்வையாளர் மாடமும் உடன் அமைந்தது. ஈபெல் கோபுரமோ முதலில் எழுந்து, பின்னரே தனக்கொரு பணியைத் தேடிக்கொண்டது. கோலாலம்பூர்க் கோபுரத்தின் மாடத்தில் நிற்கும் மாணவன் தன் தலைக்குமேல் நிற்கும் வானலைக்கம்பத்தையும் நினைத்துப் பார்ப்பானாயின், இரு கோபுரங்களுக்கும் உள்ள உறவு அவனுக்கு விளங்கும்.

பயன் கிடைத்ததோடு கோபுரத்தின் கவலை தீரவில்லை. இரும்புக்குத் துரு பகை. அதனால் ஏறத்தாழ ஏழாண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் உயரத்தில் தொங்கிக்கொண்டு, தூரிகை பிடித்துக் கையாலேயே வண்ணம் பூசுகின்றனர். ஒரு முறைக்கு ஏறத்தாழ 60 டன் வண்ணம் செல்கிறது. கோடையில் இரும்பு விரியும். 30 பாகை வெப்ப மாற்றத்துக்கு 300 மீட்டர் இரும்பு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளும். நிலையாக நிற்பதுபோல் தோன்றும் கோபுரம் நாள்தோறும் நீண்டும் குறுகியும், காற்றில் சிறிதே அசைந்தும், மனிதர் கைபட்டுப் புதுப்பிக்கப்பட்டுமே நிற்கிறது.

கலைஞர்கள் பகைத்தனர், ஒப்பந்தம் நாள் குறித்தது, போரின்போது 1940-இல் தூக்கிகளின் கம்பிகளும் அறுக்கப்பட்டன. இவையனைத்தையும் கடந்து அது நின்றது. உயரத்தால் மட்டும் அது நிலைக்கவில்லை. அவ்வுயரத்தை அறிவுக்குப் பயன்படுத்தியவர்கள் இருந்தமையாலேயே நிலைத்தது. மாடத்தில் நின்று நகரத்தின் அழகைக் கண்டு திரும்புவோர், தாம் நிற்கும் இடம் 1909-ஆம் ஆண்டோடு இல்லாமற் போயிருக்கக்கூடும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நன்று. கண்காட்சிக்கு வாயிலாக எழுந்த கோபுரம் பின்னர் வான்வெளிக்கே வாயிலாயிற்று.